கதவில் அறைந்த ஆறு மெட்டுகள்

கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு பூசை முடிந்ததும், அயர்லாந்துக் கடற்கரையின் குளூனகாரா ஊர் ஜனம் வழக்கம்போல மதிலோரம் நின்று வம்பு பேசவில்லை. நேரே பங்கு மண்டபத்தின் கதவுக்குப் போனது. பண்டிகை விருந்துக்கு என்னென்ன வாசிக்கப் போகிறார்கள் என்ற பட்டியலை அன்று காலைதான் அங்கே ஆணி வைத்து அறைந்திருந்தார்கள்.

டீலியா குவீலி கடைசி ஆளாகப் போனாள். அந்தப் பட்டியலைச் சொன்னதே அவள்தான். அதைப் படிக்க அவளுக்கு என்ன அவசரம்? ஆனால் திரும்பி வருகிறவர்கள் அவளைப் பார்த்த விதம் சரியாக இல்லை. ஒருத்தி சால்வையால் வாயை மூடிக்கொண்டு போனாள். எழுபது வயது மர்ட்டி லில்லிஸ் தொப்பியைத் தூக்கி, பெரிய மனுஷிக்குப் போடுவதுபோல ஒரு வணக்கம் போட்டார்.

"பட்டியல் பிரமாதம், டீலியா. என் வாழ்நாள்ல இப்படி ஒண்ணு படிச்சதில்ல."

"உங்களுக்குப் படிக்கத் தெரியாதே, மர்ட்டி."

"பிட்டி படிச்சுச் சொன்னா. நான் கால்ல கேட்டேன்."

அவருக்குப் பக்கத்தில் அவர் மனைவி பிட்டி, பல்லில்லாத வாயால் சிரித்துக்கொண்டு நின்றாள்.

டீலியா கதவுக்கு முன்னால் போய் நின்றாள். மணி மணியான எழுத்து, பள்ளி வாத்தியார் கான்சிடைன் கை. முதல் பாதியில் பிள்ளைகளின் பாட்டும் வாத்தியார் பழக்கிய வரிசை ஆட்டமும் இருந்தன. இரண்டாம் பாதி, தேநீருக்குப் பிறகு, டீலியாவின் கைத்துருத்தி வாத்தியமான கான்சர்ட்டினா. சதுப்பில் சறுக்கிய வாத்து என்ற மெட்டு, ரீல் தாளம், ஆறு சுற்று. வேலி தாண்டிய விதவை, ரீல், எட்டுச் சுற்று. மூன்றாவது, பிட்டியின் வெள்ளைக் கோழி, ஜிக், ஐந்து சுற்று. இதைப் படிக்கும்போதே சால்வைக்குள் அவள் விரல்கள் அசையத் தொடங்கிவிட்டன. மறுபடி ரீல் ஆறு. மறுபடி ரீல் எட்டு. கடைசியாக ஹார்ன்பைப் தாளத்தில் ஒன்று, நாலு சுற்று.

ரீல், ரீல், ஜிக், ரீல், ரீல், ஹார்ன்பைப். ஆறு, எட்டு, ஐந்து, ஆறு, எட்டு, நாலு. அது பட்டியலே இல்லை. அது செட்.

நாலு ஜோடி, நாலு பக்கமாகச் சதுரத்தில் நின்று, கல்தரை அதிரக் குதிகால் தட்டி ஆடும் ஆட்டம் செட். அதற்கு ஆறு பகுதி. எந்தப் பகுதிக்கு எந்தத் தாளம், எத்தனை சுற்று என்பது அந்தக் கடற்கரையில் நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் தெரியும். பங்குச்சாமியார் ஸ்லாட்டரி மூன்று வருஷமாகப் பூசைப் பிரசங்கத்தில் சபித்துக்கொண்டிருக்கும் ஆட்டமும் அதுதான். மண்டபத்துக்குள் செட் கூடாது, அது அந்நிய ஆட்டம் என்பது அவர் கட்டளை.

பட்டியலின் அடியில், கறுப்பு மையில், அவருடைய கையே எழுதியிருந்தது: "இதில் உள்ளதைத் தவிர வேறெதுவும் வாசிக்கப்படாது. வரிசையும் சுற்றும் மாறக் கூடாது." கீழே கையெழுத்து, அதற்கும் கீழே ஒரு நீளமான கோடு.

டீலியா வேண்டுமென்று செய்யவில்லை. அதுதான் கொடுமை. வேண்டுமென்று செய்திருந்தால் பயப்படவாவது தயாராக இருந்திருப்பாள்.

பத்து நாளுக்கு முன்பு, அவள் கூட்டிப் பெருக்கும் பள்ளிக்கூடத்தில் நடந்தது இது. பிள்ளைகள் போன பிறகு பெஞ்சுகளைத் துடைத்துக்கொண்டிருந்தவளை அழைத்தார்கள். சாமியார் அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அங்கியின் பின்பக்கத்தைத் தூக்கிச் சூடு காய்ந்தார். மேற்றிராணியாரின், அதாவது பிஷப்பின், செயலர் விருந்துக்கு வருகிறார், சுத்தமான அயர்லாந்து இசை மட்டும்தான் இருக்க வேண்டும், அந்நியக் கலப்பு ஒரு துளிகூட ஆகாது, இந்தப் பங்கில் பழைய மெட்டு அதிகம் தெரிந்தவள் நீ, நீயே தேர்ந்தெடு என்றார். வாத்தியார் நோட்டுப் புத்தகத்தை விரித்தார். ஒழுங்கு வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு மெட்டும் எத்தனை சுற்று என்று கேட்டார். டீலியா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. சாமியார் கோட்டுப் பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த ஒரு பழுப்பு உறையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மெட்டு ஒவ்வொன்றாக வாயில் வந்தது, சுற்று தானாக வந்தது. பயந்த மனம் யோசிக்காது. பழகின கைதான் யோசிக்கும்.

சாமியாருக்கு மெட்டு தெரியாது, வெளியூரிலிருந்து வந்த வாத்தியாருக்குச் செட் ஆடத் தெரியாது. ரெண்டு பேருக்கும் எது அயர்லாந்து, எது அந்நியம் என்று மட்டும் தெளிவாகத் தெரியும்.

அந்த உறையில் இருந்தது அவள் மகள் ஊனாவின் வாழ்க்கை. ஊனாவுக்கு இருபது நடந்துகொண்டிருந்தது. பதினாலு வயதிலிருந்து அதே பள்ளியில் சின்ன வகுப்புகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் பயிற்சிப் பெண்ணாக இருந்து, பரீட்சையும் தேறிவிட்டாள். ஜனவரியில் உதவி ஆசிரியை இடம் ஒன்று காலி. பள்ளி அரசாங்கத்தின் சம்பளத்தில் நடந்தாலும் பள்ளியின் நிர்வாகி பங்குச்சாமியார். அவர் கையெழுத்து இல்லாமல் ஒரு துடைப்பம்கூட உள்ளே வராது. அந்த உறையில் இருந்த நியமனத் தாளில் கையெழுத்துப் போட வருஷக் கடைசி வரை கெடு. "விருந்து நல்லபடியா முடியட்டும், பார்க்கலாம்" என்று சாமியார் சொல்லியிருந்தார். தகுதி உள்ள ஒரு பெண்ணின் வேலைக்கும் விருந்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க அந்தப் பங்கில் ஆள் இல்லை.

அந்த இடம் கிடைக்காவிட்டால் ஊனாவுக்கு மிச்சம் இருப்பது கப்பல்தான். டீலியாவின் அக்கா மூன்று பேரும் அப்படிப் போனவர்கள்தான். பாஸ்டனிலிருந்து கிறிஸ்துமஸுக்குக் கடிதம் வரும், ஆள் வந்ததில்லை.

டீலியாவிடம் சாமியாருக்கு ஏற்கெனவே ஒரு கணக்கு இருந்தது. போன வருஷம் குருவி நாளில், அதாவது கிறிஸ்துமஸுக்கு மறுநாள், முகமூடி போட்டு வீடு வீடாகப் பாடிப் போனவர்கள் சாயங்காலம் அவள் அடுக்களையில் வந்து கூடினார்கள். அவள் அம்மா காலத்திலிருந்து நடப்பதுதான். கொஞ்சம் கறுப்பு பீர், திராட்சை போட்ட ரொட்டி, ஒரு செட். நடுவில் கதவு திறந்தது. லாந்தரோடு போலீஸ் சார்ஜன்ட், அவருக்குப் பின்னால் கைத்தடியோடு சாமியார். உரிமம் இல்லாமல் வீட்டில் பொது நடனம் நடத்தியதாக வழக்கு. ரெண்டு வருஷத்துக்கு முன் போட்ட புதுச் சட்டம் அது. உரிமம் கொடுப்பது மாஜிஸ்திரேட். மாஜிஸ்திரேட்டுக்குச் சொல்வது சாமியார். மண்டபம் வைத்திருப்பதும் சாமியார். ஆடு, புலி, புல்லுக்கட்டு மூன்றும் ஒரே ஆளின் படகில். டீலியாவுக்கு அபராதம். இன்னொரு தடவை என்றால் ஜெயில் என்றார் மாஜிஸ்திரேட்.

அந்தக் கோர்ட்டில் அவளைக் கேட்டார்கள், செட் நூறு வருஷத்துக்கு முன் பட்டாளத்துக்காரன் கொண்டுவந்த அந்நிய ஆட்டம் என்று உனக்குத் தெரியுமா என்று. அவள் தலை குனிந்து நின்றாள். உருளைக்கிழங்கும் கடல் தாண்டித்தான் வந்தது, நீங்கள் குடிக்கும் தேயிலை இலங்கை மலையில் பறித்தது, என் கான்சர்ட்டினா லண்டன் தொழிற்சாலையில் செய்தது, சாமியார் பூசை வைக்கும் பாஷை ரோமாபுரியிலிருந்து வந்தது என்ற பதிலெல்லாம் வீட்டுக்கு நடந்து வரும் வழியில்தான் அவளுக்குத் தோன்றின. ஏழைக்கு நல்ல பதில் எப்போதும் வழியில்தான் தோன்றும்.

அன்று ஞாயிறு, கதவிலிருந்து அவள் நேரே வாத்தியார் வீட்டுக்குப் போனாள். மூன்றாவதையும் ஐந்தாவதையும் இடம் மாற்றி எழுத முடியுமா என்று கேட்டாள். ஏன் என்றார். கை வலிக்கும் என்று பொய் சொன்னாள். வாத்தியார் கெட்டவர் அல்ல, பயந்தவர். சாமியார் கையெழுத்துப் போட்ட தாளைத் தொட என்னால் ஆகாது, பக்கத்துப் பங்கில் வாத்தியக்காரர்கள் நடுவில் நவநாகரிக மெட்டு ஒன்றைச் செருகி மானத்தை வாங்கினார்கள், அதனால்தான் வரிசை மாறக் கூடாது என்று அவரே எழுதியிருக்கிறார் என்று கைவிரித்தார். உண்மைக் காரணத்தைச் சொன்னால் அவர் சாமியாரிடம் ஓடுவார். சாமியார் அவள் சதி செய்தாள் என்பார். சொல்லாவிட்டால் குருவி நாள் விருந்தில் ஊர் எழுந்து ஆடும். எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த உறை.

வீட்டில் ஊனாவிடம் சொன்னாள். ஊனா முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. கரிமண் கட்டிகளை ஒவ்வொன்றாக அடுப்பில் அடுக்கினாள்.

"யாரும் ஆடாம இருந்தா?"

"மர்ட்டி இப்பவே பூட்ஸுக்கு ஆணி அடிச்சிட்டிருக்காரு."

"அப்ப நீ சுத்தைக் குறைச்சிடு. ஆறுக்கு அஞ்சோட நிறுத்து. காலு தடுமாறும். விட்டுடுவாங்க."

டீலியா அதை ஒப்புக்கொண்டாள். மூன்று நாள் கான்சர்ட்டினாவை மடியில் வைத்துக்கொண்டு, ஐந்தோடு நிறுத்தப் பழகினாள். பிள்ளை பெற்றவளிடம் தாலாட்டைப் பாதியில் நிறுத்தச் சொன்னதுபோல இருந்தது. நாலு தடவையில் மூன்று தடவை கை ஆறாவதுக்குள் தானே நுழைந்தது. அவள் அம்மா கற்றுக்கொடுத்தபோது மெட்டை மட்டும் கற்றுக்கொடுக்கவில்லை. ஆடுகிறவன் எங்கே மூச்சு வாங்குவான், எங்கே பெண்ணின் இடுப்பைப் பிடித்துச் சுழற்றுவான் என்பதையும் சேர்த்துத்தான் கையில் ஏற்றியிருந்தாள்.

குருவி நாள் மூன்று மணிக்கே மண்டபம் நிறைந்துவிட்டது. எட்டு மணிக்குள் எல்லாரும் வீட்டில் இருக்க வேண்டும் என்பது சாமியார் விதி. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். முன்வரிசை நாற்காலியில் மேற்றிராணியாரின் செயலர், நகரத்தில் வளர்ந்த இளம் குருவானவர், கேக் தட்டை முழங்காலில் வைத்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் புன்னகை செய்தார். அவருக்குப் பக்கத்தில் சாமியார் ஸ்லாட்டரி, முட்கட்டைக் கைத்தடி முழங்கால்களுக்கு நடுவே.

பாட்டு முடிந்தது. வரிசை ஆட்டம் முடிந்தது. தேநீர் வந்தது. பெரிய கெண்டியோடு ஊனா வரிசை வரிசையாகப் போய் ஊற்றினாள். டீலியா மேடை ஓரத்து ஸ்டூலில் உட்கார்ந்து, கான்சர்ட்டினாவின் வாரில் கையை நுழைத்தாள். ஊரில் ஒருவரும் அவளைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க அத்தனை பேரும் பாடுபட்டார்கள்.

அவள் தொடங்கினாள்.

நாலு அடி தாளம் போவதற்குள் மர்ட்டி எழுந்து பிட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு நடுவுக்கு வந்தார். எதிர்ப்பக்கம் ஒரு ஜோடி, இடப்பக்கம் ஒரு ஜோடி. நாலாவது பக்கத்துக்கு பேக்கி டால்ட்டி வந்தான். அவன் தனியாக வந்தான். அவன் மனைவி அக்டோபரில் இறந்துபோனாள். இருபது வருஷம் அந்தப் பக்கத்தில் அவளோடுதான் நின்றவன். ஏழு பேர் நின்றார்கள். எட்டாவது இடத்துக்கு யாரும் வரவில்லை. வருகிறவள் பெயர் சாமியார் நினைவில் நிற்கும் என்பது பெண்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும்.

ஆட்டம் தொடங்கியது. பேக்கி காற்றைப் பிடித்துக்கொண்டு ஆடினான். கை நீட்ட வேண்டிய இடத்தில் நீட்டினான், சுழல வேண்டிய இடத்தில் வெறும் இடத்தைச் சுற்றிச் சுழன்றான். ஒருவரும் சிரிக்கவில்லை. ஐந்தாவது சுற்று முடியப் போகிறது. இதோ, இங்கேதான் நிறுத்த வேண்டும். டீலியா அவனைப் பார்த்தாள். ஆறாவதில் அவன் ஜோடியைச் சுழற்றித் தன் இடத்தில் கொண்டுபோய் விட வேண்டும். பாதியில் நிறுத்தினால் அவன் நடுத்தரையில், நீட்டிய கையோடு, ஊரே பார்க்க நிற்பான்.

விரல்கள் ஆறாவதுக்குள் போயின. அவள் தடுக்கவில்லை.

இரண்டாவது பகுதி முடிந்தது. மூன்றாவதும் முடிந்தது. அப்போதுதான், செயலரோடு பேச்சில் மூழ்கியிருந்த சாமியாருக்குத் தாம் பார்ப்பது என்னவென்று உறைத்தது. அவர் எழுந்து சதுரத்தின் நடுவில் போய் நின்று கைத்தடியால் தரையை ஒரு தட்டுத் தட்டினார். மண்டபம் அடங்கியது.

"யார் சொல்லி இது நடக்குது?"

மர்ட்டி தொப்பியைக் கழற்றினார். மூச்சு இரைத்தது. "கதவுல இருக்குங்க சாமி. வரிசை மாறக் கூடாதுன்னு நீங்கதான் எழுதியிருக்கீங்க. நாங்க மாத்தல."

சாமியார் கதவுக்கு நடந்தார். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. ஒருவன் லாந்தரை உயர்த்திப் பிடித்தான். அவர் படித்தார். உதடு அசைவது உள்ளே இருந்தவர்களுக்குத் தெரிந்தது. அவர் கண் அடிவரை போய், தம் கையெழுத்தில் நின்று, மறுபடி மேலே போயிற்று. வாத்தியார் கான்சிடைன் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார்.

திரும்பி வந்த சாமியார் ஒன்றும் சொல்லவில்லை. செயலர் பக்கத்தில் இருக்கும்போது என்ன சொல்வார்? நான் கையெழுத்துப் போட்டது எனக்கே தெரியவில்லை என்றா? நாற்காலியில் உட்கார்ந்தார். கோட்டுப் பையிலிருந்து அந்தப் பழுப்பு உறையை எடுத்தார். அதை விசிறிபோல விரலிடுக்கில் பிடித்து, இன்னொரு உள்ளங்கையில் மெதுவாகத் தட்டினார். கண் டீலியா மேல் இருந்தது.

மண்டபத்தில் இருநூறு பேர் இருந்தார்கள். அந்த உறை என்ன என்று தெரிந்தவர்கள் மூன்று பேர்.

நாலாவது பகுதியைத் தொடங்க வேண்டும். டீலியாவின் பெருவிரல் வாரிலிருந்து நழுவியது. கான்சர்ட்டினா அவள் மடியில் மெல்ல மூச்சை விட்டுச் சுருங்கியது. ஏழு பேரும் நின்ற இடத்தில் நின்றார்கள். கை வலிக்கிறது என்று சொல்லி எழுந்துவிடலாம். ஒரு சொல் போதும். ஊர் மன்னிக்கும், ஊருக்கு அது பழக்கம். மகள் பள்ளிக்கூடத்துக்குப் போவாள். அவள் எழுவதற்காக ஸ்டூலின் விளிம்பைப் பிடித்தாள்.

பெண்கள் பக்கத்திலிருந்து தகரக் கெண்டியை மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது. ஊனா ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு நடுவுக்கு நடந்து வந்தாள். சாமியாரின் நாற்காலியைத் தாண்டித்தான் வர வேண்டும். தாண்டி வந்தாள். உறையை அவள் பார்த்தாள் என்பதை டீலியா பார்த்தாள்.

"பேக்கி, இந்த இடம் யாருக்காவது வச்சிருக்கியா?"

பேக்கி பக்கத்து வெறும் இடத்தைப் பார்த்தான். "வச்சிருந்தேன்" என்றான். பிறகு, "நீ நில்லு, பிள்ளை. அவ ஒண்ணும் சொல்லமாட்டா."

ஊனா அவன் பக்கத்தில் நின்றாள். தாயைத் திரும்பிப் பார்த்தாள். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"அம்மா. நாலாவது."

டீலியா வாசித்தாள். அதற்குப் பிறகு அவள் சாமியாரைப் பார்க்கவில்லை, உறையைப் பார்க்கவில்லை, எட்டு ஜோடிக் காலை மட்டும் பார்த்தாள். நாலாவது, ஐந்தாவது. ஹார்ன்பைப்புக்கு வந்தபோது சுவரோரம் நின்றவர்களின் குதிகாலும் சேர்ந்துகொண்டது. பயம் போய்விடவில்லை. அவள் விலா எலும்புக்குள் அது அடித்துக்கொண்டே இருந்தது. பயத்தோடேயே வாசிக்க முடிந்தது என்பதுதான் அவளுக்கே புதிதாக இருந்தது.

முடிந்ததும் முதலில் கை தட்டியவர் செயலர். அருமை, இது என்ன ஆட்டம் என்று சாமியாரைக் கேட்டார். அருகில் இருந்தவர்கள் எல்லாரும் ஏககாலத்தில் காதைத் தீட்டிக்கொண்டார்கள். சாமியார் தொண்டையைச் செருமினார். இது மிகப் பழைய அயர்லாந்து ஆட்டம், நம் பங்குக்கே உரியது என்றார். உறையைப் பைக்குள் திரும்ப வைத்தார்.

மறுநாள் காலை டீலியாவை வரச் சொல்லி ஆள் வந்தது. சாமியார் வீட்டு மேசையில் ஊனாவின் தாள் விரித்து வைக்கப்பட்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும்.

"பட்டியலைச் சொன்னப்ப உனக்குத் தெரியுமா?"

"சொல்லும்போது தெரியாது, சாமி. வாசிக்கும்போது தெரியும்."

அவர் அதை நம்பினாரோ இல்லையோ. செயலர் மேற்றிராணியாரிடம் அந்த ஆட்டத்தைப் புகழ்ந்து சொல்லப் போகிறார், மேற்றிராணியார் கிராமத்தில் பிறந்தவர், என்ன ஆட்டம் என்று உடனே கண்டுகொள்வார் என்று விளக்கினார். ஆகவே டீலியா ஒரு கடிதம் எழுதித் தர வேண்டும். அங்கீகரித்த பட்டியலை விட்டுவிட்டு அவளாக வேறு மெட்டுகளை வாசித்துவிட்டாள், அதற்காக வருந்துகிறாள் என்று. அவள் அதில் கையெழுத்துப் போட்டால், அவர் இதில் போடுவார்.

டீலியா பேனாவைப் பார்த்தாள். ஒரு பொய். அவள் எத்தனையோ சொல்லியிருக்கிறாள். ஆனால் இந்தப் பொய்யில் ஆட்டமும் பொய்யாகும், பேக்கியின் கையும் பொய்யாகும், உறையைத் தாண்டி நடந்து வந்த பெண்ணும் பொய்யாவாள்.

"பட்டியல் கதவுலயே இருக்கே, சாமி. ஊரே படிச்சிருக்கே. நான் வேற எழுதினா யாரு நம்புவாங்க?"

"கதவுல இல்ல" என்றார் சாமியார். அதைக் கழற்றிவரச் சொல்லி விடிகாலையில் தம் வீட்டு வேலைக்காரம்மாவை அனுப்பியிருந்தார். ஆணி நாலும் இருந்தன, தாள் இல்லை என்று அவள் திரும்பி வந்தாளாம். "அது யார்கிட்ட இருக்கு?"

"தெரியாது."

"மர்ட்டிகிட்டயா?"

"சத்தியமா எனக்குத் தெரியாது, சாமி."

அவர் நம்பவில்லை. முதல் தடவையாக அந்த முகத்தில் டீலியா ஒன்றைக் கண்டாள். தன் வீட்டுக் கண்ணாடியில் தினமும் காண்பதுதான். ஒரு தாள் இன்னொருத்தர் கையில் இருக்கிறதே என்ற பயம்.

இந்தத் தடவை பதில் வழியில் தோன்றவில்லை. அங்கேயே தோன்றியது.

"யார்கிட்டயாவது இருக்கும், சாமி. உங்க கையெழுத்துப் போட்ட தாளை யாரு தூக்கிப் போடுவாங்க?"

பேனாவைத் தொடாமல் எழுந்து வந்தாள். வீட்டுக்கு வந்ததும் அடுப்புப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். ஊனா பரண் மேலிருந்த பெட்டியை இறக்கித் தூசி தட்டினாள். மூன்று நாள் இருவரும் கப்பலைப் பற்றிப் பேசாமல், கப்பலுக்கான துணிகளைத் தைத்தார்கள்.

டிசம்பர் முப்பத்தொன்று பகல், சாமியார் வீட்டு வேலைக்காரம்மா வந்து பழுப்பு உறையை வாசலிலேயே கொடுத்துவிட்டுப் போனாள். உள்ளே கையெழுத்து இருந்தது. கீழே கோடு போட்டிருக்கவில்லை.

ஊனா ஜனவரி பத்தாம் தேதி வகுப்பில் நின்றாள். டீலியா அதே வகுப்பைக் கூட்டினாள். மேற்றிராணியார் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் ஊருக்குத் தெரியாது. அதன் பிறகு ஒவ்வொரு குருவி நாளும் மண்டபத்தில் செட் நடந்தது. பழைய அயர்லாந்து ஆட்டம் என்று பங்குச்சாமியாரே சொன்ன பிறகு அதைத் தடுக்க யாருக்கு அதிகாரம்? பக்கத்துப் பங்குகளிலிருந்தும் சைக்கிளில் வந்து ஆடினார்கள். வீட்டு அடுக்களைகளில் மட்டும் சார்ஜன்ட்டின் லாந்தர் இன்னும் பல வருஷம் எட்டிப் பார்த்தது.

ஏப்ரலில் டீலியா சூப்புக்காகக் காஞ்சொறித் தழை பறிக்க மண்டபத்தின் பின்பக்கம் போனாள். கையில் பழைய காலுறையை மாட்டிக்கொண்டு செடிகளை விலக்கியபோது, வேரோரம் சேற்றோடு ஒட்டிக்கொண்டு ஒரு தாள் கிடந்தது. நாலு மூலையிலும் ஆணி கிழித்த தடம். அவள் அதைப் புரட்டிப் பார்த்தாள். இந்தப் பக்கமும் ஒன்றுமில்லை, அந்தப் பக்கமும் ஒன்றுமில்லை. மழை ஒரு எழுத்து விடாமல் கழுவியிருந்தது. அடியில் மட்டும் ஒரு கறுப்புக் கறை, நத்தை ஊர்ந்த தடம்போல. குருவி நாள் இரவு கடலிலிருந்து அடித்த காற்று தவிர அதை யாரும் எடுக்கவில்லை.

அவள் அதை வெயிலில் காயவைத்துக் கான்சர்ட்டினாப் பெட்டியின் அடியில் போட்டாள். மர்ட்டியிடம் சொல்லவில்லை. ஊனாவிடமும் பல வருஷம் சொல்லவில்லை.

சாமியார் ஸ்லாட்டரி அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் இருந்தார். பூசை முடிந்து போகும்போது டீலியாவைக் கண்டால் ஒரு கணம் நிற்பார், பிறகு போவார். கடைசி வருஷம், படுத்த படுக்கையாகிவிட்ட பிறகு, ரொட்டி கொண்டுபோய்க் கொடுத்தவளிடம் முதல் தடவையாகக் கேட்டார்.

"அந்தத் தாள், டீலியா."

ஒரு சொல்லில் அவருக்கு நிம்மதி கொடுத்திருக்கலாம். தன் அடுக்களைக் கதவைத் திறந்து நுழைந்த லாந்தர் அவளுக்கு நினைவு வந்தது. ஊனாவுக்கு அப்போது இருபத்தொன்பது. பள்ளிக்கு இன்னும் அவரே நிர்வாகி.

"பத்திரமா இருக்குங்க, சாமி" என்றாள்.